ஐஸ் பாரில் ஒன்பதாம் பாட்டு

வெள்ளிமுனையில் ஐஸ் பாட ஆரம்பித்தது ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று சந்தையில் நெத்திலி மலிவாக வந்திருந்தது, பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பால் திரிந்துபோய் எல்லோரும் கடுங்காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள், பங்குச்சாமியார் ஒரு கல்யாணத்துக்காகத் தூத்துக்குடி போயிருந்தார், மற்றபடி அதுவும் எல்லா நாளையும் போல ஒரு நாள்தான். நண்டு விற்கிற பிரகாசியின் கூடையில், சாக்குக்கு அடியில் முழுசாகக் கிடந்த ஐஸ் பார் வெயில் ஏற ஏற உருகி, உருகின தண்ணீரோடு ஒரு கிடார் சத்தம் சொட்ட ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் அதன் மேல் ஒரு பெண்குரலும் ஏறிக்கொண்டது.

பிரகாசி கூடையைக் கவிழ்த்துப் பார்த்தாள். "எவளாவது ரேடியோவ உள்ள வச்சிட்டியளா?" என்று கேட்டாள். யாரும் வைக்கவில்லை. "குரலு நம்ம வியாகுலம் குரலுலா," என்றாள் பக்கத்துக் கூடைக்காரி. "ஆமா, அவதான்," என்று சொல்லிவிட்டு பிரகாசி நண்டுகளைத் திரும்ப அடுக்கினாள். வாங்க வந்தவர் பாட்டு நன்றாயிருக்கிறது என்றதால் விலையைக் கொஞ்சம் ஏற்றிச் சொன்னாள், அவரும் பேசாமல் கொடுத்துவிட்டுப் போனார். எங்கள் ஊர் இப்படித்தான். அதிசயம் வந்தால் முதலில் அதை வைத்து வியாபாரம் நடக்குமா என்று பார்ப்போம், பயப்படுவதெல்லாம் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த பிறகு.

வியாகுலம் கோயில் பாடற்குழுவில் பாடி வளர்ந்தவள். அவளும், கிடார் வாசிக்கிற அவள் அண்ணன் ரொமால்டும், ஐஸ் கம்பெனியில் மெஷின் பார்க்கிற இன்னாசியும், பஸ் ஸ்டாண்டில் கேசட் கடை வைத்திருக்கிற ஷாகுலும் சேர்ந்து ஒரு பாட்டுக் குழு வைத்திருந்தார்கள். பெயர் 'ஓதம்'. கடற்கரை வீடுகளில் சுவர் அடியிலிருந்து மேலே ஏறும் ஈரத்துக்குத்தான் நாங்கள் ஓதம் என்போம், எத்தனை சுண்ணாம்பு அடித்தாலும் போகாது. பெயர் அப்படி இருந்தாலும் முதல் ஆல்பத்தை அவர்கள் சந்தோஷமாகத்தான் போட்டார்கள், சோகம் விற்காது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, 'ஜாலி பீச்' என்று பெயர் வைத்து, அட்டையில் நான்கு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்று, அதை ஒரு ஈ காக்கைகூட வாங்கவில்லை என்று சொல்லலாம் என்றால் அதுவும் முடியாது, ஏனென்றால் மிஞ்சின சிடிக்களை எல்லாம் ரொமால்டே கயிற்றில் கோத்து, கருவாடு காய்கிற களத்தில் காக்கை விரட்டத் தொங்கவிட்டான். "பாருங்கடே, நம்ம பாட்டுக்கு எப்படிப் பறக்குதுன்னு," என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்பு முடிந்ததும் அவன் வேலை தேட வேண்டியிருந்தது. ஐஸ் கம்பெனியும் விசைப்படகுகளும் வைத்திருக்கிற பாக்கியநாதன் முதலாளியின் படகு ஒன்றில் ஏறினான். துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றியிருந்த ஒரு நாளில், இந்தக் காத்தெல்லாம் ஒரு காத்தா என்று முதலாளி அந்தப் படகைத் தள்ளச் சொன்னார். வீம்புக்குச் சொன்னதில்லை, தொழில் பழகட்டும் என்று தன் ஒரே மகன் டெரிக்கையும் அதே படகில்தான் ஏற்றிவிட்டார். படகும் வரவில்லை, ஆட்களும் வரவில்லை, ஒரு பலகைத் துண்டுகூடக் கரை ஒதுங்கவில்லை.

எங்கள் துறையில் ஒரு வழக்கம் உண்டு. கடலில் காணாமல் போனவன் பெயரைக் கரையில் வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் கடல் கேட்டுவிடும், கேட்டால் தன்னிடம் இருப்பது இன்னார் என்று தெரிந்துகொண்டு திருப்பித் தராது. அதனால் பூசையில் பெயர் வாசிப்பதில்லை, கல்லறை கட்டுவதில்லை, பெண்டாட்டி தாலியைக் கழற்றுவதுமில்லை, சிரித்துப் பேசுவதுமில்லை. ரொமால்டின் அம்மா சலேத்தம்மாளிடம் யாராவது சாடையாகக் கேட்டால், "இன்னும் வரல," என்பாள், பஸ்ஸுக்குப் போனவனைச் சொல்வது மாதிரி.

வியாகுலத்துக்கு அந்த வழக்கத்தின் மேல் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது. அவளுக்குள் பாட்டுகள் ஊறிக்கொண்டிருந்தன, ஒன்றுகூடச் சந்தோஷமானதில்லை, எல்லாவற்றுக்குள்ளும் அண்ணன் இருந்தான், அதைக் கடல் கேட்காமல் எங்கே உட்கார்ந்து பாடுவது என்று ஊரெல்லாம் தேடினாள். கோயிலுக்குள் அலைச் சத்தம் கேட்டது, பள்ளிக்கூடத்திலும் கேட்டது, ஷாகுல் கடையில் பஸ் சத்தத்தையும் மீறிக் கேட்டது. கடைசியில் இன்னாசிதான் சொன்னான்: "கரண்டு போன நேரத்துல ஐஸ் கம்பெனிக்குள்ள வந்து பாரு. செவுரெல்லாம் அம்புட்டுத் தண்டி. கடலு இருக்கான்னே தெரியாது."

அது உண்மைதான். ஆகவே மத்தியான மின்வெட்டு நேரங்களில், மெஷின் வாயை மூடிக்கொண்டதும், உப்புத்தண்ணீர்த் தொட்டியை மூடியிருக்கும் பலகைகளின் மேல் மூன்று பேரும் கம்பளி போர்த்தி உட்கார்ந்து, அடியில் நூற்றுக்கணக்கான கேன்களில் தண்ணீர் கட்டியாகிக்கொண்டிருக்க, ஷாகுல் கொண்டுவந்த பேட்டரி டேப்பில் இரண்டாவது ஆல்பத்தைப் பதிந்தார்கள். இன்னாசி மீன்பெட்டியைக் கவிழ்த்துத் தட்டினான். ஆல்பத்துக்கு வியாகுலம் அம்மாவின் வார்த்தையையே பெயராக வைத்தாள்: 'இன்னும் வரல'.

கடல் கேட்கக் கூடாது என்று ஒளிந்து பாடியவர்களுக்கு, அந்த ஐஸ் எங்கே போகிறது என்பது மட்டும் நினைவுக்கு வரவில்லை. இன்னாசி தினமும் தன் கையாலேயே அதைப் படகுகளில் ஏற்றிக்கொண்டிருந்தான், அவனுக்கும் வரவில்லை.

டேப்பைப் போட்டுக் கேட்டபோது அதில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். வியாகுலம் ஒரு வாரம் சோறு இறங்காமல் கிடந்தாள். பிறகு அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. அதற்கப்புறம் அந்தத் தொட்டியில் எந்தத் தண்ணீரைக் கட்டினாலும் அது பாட்டோடுதான் கட்டியானது.

ஊர் அதைச் சீக்கிரமே பழகிக்கொண்டது. பார் வெளியிலிருந்து உள்ளே உருகுவதால் முதல் பாட்டு மேல்பக்கத்திலும் ஒன்பதாவது நடுவிலும் இருந்தது. நொறுக்கினால் பாட்டு கலைந்து ஒரு சொல் இங்கே, ஒரு தந்தி அங்கே என்று சிதறியது, அதனால் ஜனங்கள் முழு பாராக வாங்கினார்கள். சர்பத் கடைக்காரர் மூன்றாம் பாட்டு வருகிற வரைக்கும் வாடிக்கையாளரை உட்கார வைத்து இன்னொரு கிளாஸ் விற்றார். ஒரு கல்யாண வீட்டில் பந்திக்கு வந்த ஐஸ் எல்லாம் சோகப் பாட்டாகப் பாடி மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளித்தபோது, "பொண்ணு வீட்டுல எவன் சிரிக்கான், பாடட்டும்," என்று பெண்ணின் அப்பா சொல்லிவிட்டார். சாவு வீடுகளில் பாட்டுக்காரர்களைக் கூப்பிடுவது நின்றுபோனது. சுற்று ஊர்களிலிருந்து வேன் எடுத்துக்கொண்டு வந்து, எங்கள் ஐஸை வைக்கோல் சுற்றி வாங்கிப் போய், வீட்டு முற்றத்தில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து உருக உருகக் கேட்டார்கள்.

பெரிசுகளுக்குத்தான் கலக்கம். படகின் அடியறையில் ஏற்றின ஐஸ் நடுக்கடலில் உருகிப் பாடியது, உருகின தண்ணீரைப் பம்ப் அடித்துக் கடலுக்குள்ளேயே விட வேண்டியிருந்தது. "பேரு எதுவும் வரலியே?" என்று முதல் வாரம் திரும்பி வந்த ஒவ்வொரு படகிலும் விசாரித்தார்கள். பெயர் வரவில்லை. வியாகுலம் வழக்கத்தை மீறவில்லை, ஒன்பது பாட்டில் ஒன்றில்கூட அண்ணன் பெயர் இல்லை.

ஆனால் ஒன்பதாம் பாட்டில் ஓர் இடம் இருந்தது. 'வெள்ளை அடித்த சுவரிலும் நீ ஏறி வருகிறாய்' என்ற வரி முடிந்ததும் எல்லாச் சத்தமும் நின்றுவிடும். கிடார் இல்லை, மீன்பெட்டித் தாளம் இல்லை, குரல் இல்லை. ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொல்லி முடிக்கிற நேரம் வெறும் தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும். அங்கேதான் ரொமால்ட் தனியாக வாசித்திருப்பான். அவன் வாசிக்கட்டும் என்று தங்கை இடம் விட்டிருந்தாள்.

யாரும் சொல்லித் தரவில்லை, ஆனாலும் அந்த இடம் வந்ததும் சந்தையே நின்றது. மீன் வெட்டுகிற அரிவாள்மனையில் கை அப்படியே நிற்கும், ஏலம் போடுகிறவர் பாதித் தொகையில் வாயை மூடுவார், பேரம் பேசுகிறவள் வாயில் பேரம் நிற்கும். பிறகு பாட்டு திரும்ப வரும், எல்லாம் விட்ட இடத்திலிருந்து நடக்கும். அந்த நேரத்தில் எல்லோர் கண்ணும் தானாகப் போகிற இடம் ஒன்று உண்டு. ஐஸ் கம்பெனித் திண்டில் பாக்கியநாதன் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். நாங்கள் அவரைக் குற்றம் சொல்லிப் பார்க்கவில்லை என்று சொன்னால் பொய். அவரும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்தான் என்பது எங்களுக்குத் தெரியும், தெரிந்தும் பார்த்தோம். கொஞ்ச நாளில் அவர் நாற்காலியை உள்ளே எடுத்துப் போட்டுக்கொண்டார். உள்ளேயும் ஐஸ் உருகியது.

இந்தச் சமயத்தில்தான் சென்னையிலிருந்து ரகுநந்தன் வந்தார். பாட்டுக் கம்பெனிக்காரர், நல்ல மனிதர், எதிரே இருப்பவர் பேசி முடிக்கும் முன்பே தலையாட்டுவார். முழு பார் ஒன்று உருகி முடிகிற வரை உட்கார்ந்து கேட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டார், பிறகு வேலையைப் பார்த்தார்.

"பிரமாதம்மா. மெட்ராஸ்ல பெரிய ஹால்ல வெளியிடலாம். ஒரே ஒரு விஷயம். ஒன்பதாவதுல அந்த கேப். ஜனங்க பாட்டு நின்னுபோச்சுன்னு நெனைப்பாங்க."

"அது கேப் இல்ல சார். எங்க அண்ணன் வாசிக்க இடம்," என்றாள் வியாகுலம்.

"ஓ. அவர் எப்ப வருவார்?"

"இன்னும் வரல."

"அதுவரைக்கும் நம்மகிட்ட நிர்மல்னு ஒரு பையன் இருக்கான். கிடார் அற்புதமா வாசிப்பான். அந்த இடத்துல மட்டும்..."

"அங்க எங்க அண்ணன் வரலாம், இல்ல யாரும் வரக் கூடாது."

ரகுநந்தன் இதற்கும் தலையாட்டினார். ஆனால் அன்று சாயங்காலமே முதலாளியைப் பார்த்துப் பேசினார், முதலாளிக்கு அது கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி ஆயிற்று. மறுநாள் வியாகுலத்தைக் கூப்பிட்டார். "அந்த இடத்த மூடிரு. இல்லன்னா தொட்டியத் தொறந்துவிட்டு, ஆசிட் ஊத்திக் கழுவி, புதுத் தண்ணி நெறச்சிருவேன். பொறவு உன் பாட்டும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"முதலாளி, அந்த ஆல்பம் வேற எங்கயும் இல்ல. டேப்புல இல்ல. அந்தத் தொட்டியிலதான் இருக்கு."

"அதத்தாம்மா நானும் சொல்லுதேன்."

இன்னாசி அவளிடம் கெஞ்சினான். முதல் ஆல்பம் காக்கை விரட்டப் போனது, இதுவும் சாக்கடையில் போக வேண்டுமா என்றான். ஷாகுல் நகத்தைக் கடித்தான். வியாகுலம் நெடுநேரம் யோசித்தாள் என்று சொல்ல எனக்கும் ஆசைதான், ஆனால் அவள் யோசிக்கவே இல்லை. "போனா போட்டும்," என்றாள். "தொறந்துவிடட்டும். அதுக்கு முன்னால ஒரு தடவ தொட்டி மேல உக்காந்து பாடிருவோம். அந்த இடத்த விட்டுத்தான் பாடுவோம்."

முதலாளி ஒத்துக்கொண்டார். அவர் கணக்கு வேறு. அவள் பாடட்டும், நிர்மல் பின்னால் உட்கார்ந்து அந்த இடத்தில் வாசித்துவிடட்டும், தொட்டி கடைசியாகக் கேட்டதைத்தான் கட்டியாக்கும். அதோடு விட்டிருந்தால் அவர் நினைத்தது நடந்திருக்கும். ஆனால் பலமான ஒரு சிபாரிசும் இருக்கட்டும் என்று சலேத்தம்மாள் வீட்டுக்குப் போனார்.

சலேத்தம்மாள் தலைச்சுமையாக மீன் விற்கிறவள். ஐஸ் பாட ஆரம்பித்த நாளிலிருந்து மகளோடு பேச்சில்லை. மகள் அண்ணனுக்கு ஒப்பாரி வைத்துவிட்டாள், உயிரோடு இருக்கிறவனைச் செத்தவனாக்கிவிட்டாள் என்பது அவள் எண்ணம். அந்தப் பாட்டைக் காதில் வாங்கக் கூடாது என்பதற்காகவே அடுத்த ஊர்க் கம்பெனிக்கு நடந்து போய் ஊமை ஐஸ் வாங்கிக்கொண்டு வருவாள்.

"சலேத்து, ஒம் மவட்ட சொல்லு," என்றார் முதலாளி. "பாட்டுக்கு நடுவுல ஓட்டையா ஒரு எடம் விட்டிருக்கா, ஊரே வாயப் பொத்திட்டு நிக்கி. அத அடைக்கச் சொல்லு."

"என்ன எடம்?"

"ஒம் மவன் வாசிக்கதுக்காம். அவன் வந்து வாசிப்பான்னு விட்டிருக்காளாம்."

சலேத்தம்மாள் கூடையைக் கீழே வைத்தாள். "அவன் வருவான்னு எடம் விட்டிருக்காளா?" என்று கேட்டாள். முதலாளி ஆமாம் என்றார்.

மறுநாள் மத்தியானம் கரண்டு போனதும் ஐஸ் கம்பெனி வாசலில் ஊரே நின்றது. ரகுநந்தன் அமோனியா நாற்றம் ஒத்துக்கொள்ளாமல் வெளியே காரில் ஏசி போட்டு உட்கார்ந்துவிட்டார். உள்ளே பலகை மேல் மூன்று பேரும் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தார்கள், அவர்களுக்குப் பின்னால் ஒரு ஓரமாக, குளிரில் விரல்களை ஊதிக்கொண்டு நிர்மல், தொட்டியைத் திறக்கிற சக்கரத்துக்குப் பக்கத்தில் முதலாளி. வியாகுலம் நிர்மலைப் பார்த்தாள், எதற்கு வந்திருக்கிறான் என்பது புரிந்தது, புரிந்தும் எழுந்து போகவில்லை. முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் பாடினாள். எட்டாம் பாட்டின்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு சலேத்தம்மாள் உள்ளே வந்தாள். ஈரச் சேலையும் மீன்வாடையுமாக, தலையில் சும்மாடு அப்படியே இருக்க, பலகை ஓரமாக நின்று மகள் பாடுவதை முதல்முறையாகக் கேட்டாள்.

ஒன்பதாம் பாட்டு வந்தது. 'வெள்ளை அடித்த சுவரிலும் நீ ஏறி வருகிறாய்' என்று முடித்து வியாகுலம் தந்திகளின் மேல் கையை வைத்தாள். எல்லாம் நின்றது. முதலாளி நிர்மலைப் பார்த்துத் தலையசைத்தார். நிர்மல் கையைத் தூக்கினான்.

"ரொமால்ட்," என்றாள் சலேத்தம்மாள்.

படகு போன நாளிலிருந்து அந்தப் பெயரை யாரும் கேட்டதில்லை. கதவோரம் நின்ற ஒரு பெரியவர் பதறிப்போய், "சலேத்து, சலேத்து, கடலு கேட்டுரும்," என்றார்.

"கேக்கட்டும். கேக்கட்டும்னுதான் சொல்லுதேன். இந்த ஐஸு அங்கதான போவுது? போய்ச் சொல்லட்டும். எம் மவன் பேரு ரொமால்ட். இன்னும் வரல."

நிர்மல் தூக்கின கையைத் தந்திகளின் மேல் மெதுவாக வைத்து அமுக்கிக்கொண்டான், ஒரு சிணுங்கல்கூட வராதபடி.

வியாகுலத்துக்கு முதலில் கோபம்தான் வந்ததாம். யாருக்கும் தராமல் காத்த இடத்தில் அம்மா பேசிவிட்டாளே என்று. அடுத்த நிமிடம் அந்த இடத்தில் இப்போது அண்ணன் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. பாட்டை எடுக்க வேண்டிய நேரம் வந்தும் அவள் எடுக்கவில்லை. ஏனென்றால் வாசலிலிருந்து பிரகாசி, "அமலதாசு, எம் புருசன், இன்னும் வரல," என்றாள், அவளுக்குப் பின்னாலிருந்து ஒருத்தி தம்பியின் பெயரைச் சொன்னாள், ஒருத்தி அப்பாவின் பெயரைச் சொன்னாள், ஒரு கிழவி எங்களில் யாருக்கும் ஞாபகமில்லாத பழைய பாய்மரக் காலத்து ஆள் ஒருவனின் பெயரைச் சொன்னாள், தாலியோடும் சிரிப்பில்லாமலும் இத்தனை வருஷம் எங்களுக்கு நடுவில் நடமாடிய பெண்கள் எல்லோரும் ஒவ்வொருத்தியாக, கத்தாமல், அழாமல், வீட்டு வாசலில் நின்று பிள்ளையைச் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில் பெயர்களைச் சொன்னார்கள், அந்தப் பெயர்கள் பலகை இடுக்கு வழியாகக் கீழே இறங்கி, கட்டியாகிக்கொண்டிருந்த தண்ணீருக்குள் போயின.

கடைசியில் இன்னும் ஒரு பெயர் பாக்கி இருந்தது எல்லோருக்கும் தெரியும். இந்தமுறை நாங்கள் அவரைப் பார்க்கவில்லை, வேண்டுமென்றே தரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

பாக்கியநாதன் முதலாளியின் கை சக்கரத்தின் மேல் இருந்தது. அதை எடுத்தார். "டெரிக்," என்றார். "நான்தான் அனுப்புனேன். கூண்டு ஏத்தியிருந்துச்சு. நான்தான் போகச் சொன்னேன்," என்றார். அதன் பிறகு வியாகுலம் கிடாரை எடுத்து, மிச்சமிருந்த வரிகளைப் பாடி முடித்தாள். கரண்டு வந்தது, மெஷின் ஓட ஆரம்பித்தது.

ஐஸில் என்ன இருக்கிறது என்பது உருகும் வரை யாருக்கும் தெரியாது. காரில் ஏறின நிர்மலிடம் எப்படி வந்திருக்கிறது என்று ரகுநந்தன் கேட்டபோது, "இதுக்கு மேல வாசிக்க முடியாது சார்," என்றான். அது பொய்யில்லை. மரத்தூள் போட்டு மூடின பார்களை ஏற்றிக்கொண்டு லாரி சென்னைக்குப் போனது. பெரிய ஹாலில், பூ அலங்காரத்துக்கு நடுவில், வெள்ளித் தாம்பாளத்தில் ஐஸை வைத்து, விளக்குச் சூட்டில் உருகவிட்டு, அந்த ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லோரும் உட்கார்ந்து கேட்டார்களாம்.

மறுநாள் ரகுநந்தனிடமிருந்து போன் வந்தது. முதலாளி மேஜையில் இருந்த போனின் சத்தம் வாசல்வரை கேட்கும், அதனால் நாங்களும் கேட்டோம். "என்ன சார் இது, பாட்டு நடுவுல யார் யாரோ பேர் சொல்றாங்க. ஹால்ல ஒருத்தரும் அசையல. முடிஞ்சு அரைமணி நேரம் கைகூடத் தட்டல, அப்படியே உக்காந்திருக்காங்க. திரும்பத் திரும்பப் போடச் சொல்லிக் கேக்குறாங்க, அது வேற விஷயம். ஆனா கடைசில உங்க குரலே வருதே சார், நீங்களே ஏதோ ஒத்துக்கிற மாதிரி. அதையாவது எடுத்துட்டு வேற அனுப்புங்க."

மேஜை ஓரத்தில் ஒரு துண்டு ஐஸ் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது.

"எடுக்க முடியாது சார்," என்றார் முதலாளி. "அது எங்க பிள்ளையள் இருக்க எடம்."

போனை வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார். கடலுக்குப் புறப்பட்டு நின்ற படகுகளைப் பார்த்தார்.

"இன்னாசி, எல்லாப் படகுக்கும் ஐஸ ஏத்து," என்றார். "நொறுக்காத. முழு பாரா ஏத்து."